சொந்த வீட்டில் வாடகைக்கு இருந்த கண்டக்டர்

தர்மபுரி மாவட்டத்தில் எங்கள் கண்டக்டரைப் போல் வீடு மாறியவர் வேறு யாரும் இருக்க முடியாது. அடிக்கடி மாற்றலாகும் போலீஸ்காரர்கள், வாடகை பாக்கி வைத்துவிட்டு ஓடுகிறவர்கள், கடன்காரனுக்குப் பயந்து ஊர் ஊராகத் திரிகிறவர்கள் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினாலும் ஒருவர்கூட அவர் கிட்டே வர முடியாது. இத்தனைக்கும் வீடு மாறும்போது அவர் காம்பவுண்டு கேட்டைத் தாண்டியதே கிடையாது. மாறியதெல்லாம் தன்னுடைய சொந்த வீடுகளுக்குள்ளேதான்.

அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலையின் சர்வீஸ் ரோட்டிலிருந்து உள்ளே பிரியும் மண் சாலையில் அந்தக் கட்டிடம் இருக்கிறது. கீழே மூன்று, மேலே மூன்று என்று ஆறு வீடுகள். கண்டக்டர் ஒகேனக்கல் ரூட்டில் ஓடிய ஒரு தனியார் பஸ்ஸில் தலை நரைக்கும்வரை வேலை பார்த்தவர். வேலையை விட்ட நேரத்தில்தான் இந்தப் பக்கம் பெரிய தொழிற்பேட்டை வரப்போகிறது, ஆயிரக்கணக்கில் ஆட்கள் வீடு தேடி அலையப் போகிறார்கள் என்று பேச்சுக் கிளம்பியது. கொள்ளு விதைத்த மேடெல்லாம் மனைக்கல் நட்டார்கள். கல் நட்ட இடமெல்லாம் கட்டிடம் எழுந்தது. கண்டக்டரும் கட்டினார்.

கட்டியது அவர் பணத்தில் இல்லை. அவர் மனைவி சரோஜா அக்காவுக்கு மொரப்பூர் பக்கத்தில் ஒரு மாந்தோட்டம் உண்டு. அதை வங்கியில் அடமானம் வைத்துக் கடன் வாங்கித்தான் ஆறு வீடுகளும் கட்டினார்கள். வாடகை வந்தால் தவணை கட்டலாம். வாடகை வராவிட்டால் தோட்டம் போய்விடும். கணக்கு அவ்வளவுதான்.

அரசு வேலையில் நான் தர்மபுரிக்கு மாற்றலாகி வந்து, கணவரோடு முதலாம் எண் வீட்டில் குடியேறியபோது ஆறு வீடுகளும் நிறைந்திருந்தன. அதன் பிறகு தொழிற்பேட்டையைப் பற்றிய பேச்சு மெல்ல மெல்லக் குறைந்தது. வந்த ஆட்களும் வேறு ஊர்களுக்குப் போனார்கள். எங்கள் சாலையில் கேட்டுக்குக் கேட்டு ‘வீடு வாடகைக்கு’ என்ற அட்டை தொங்க ஆரம்பித்தது. மனை விற்ற புரோக்கர் ஒருவர் அதே பைக்கில் இளநீர் கட்டிக்கொண்டு வந்து விற்றார். எங்கள் கட்டிடத்தில் இரண்டாம் எண் காலியானது. பிறகு நான்கு, பிறகு ஐந்து, கடைசியில் மூன்று. மிஞ்சியது முதலாம் எண்ணில் நாங்களும், ஆறாம் எண்ணில் கண்டக்டரும் சரோஜா அக்காவும் மட்டும்தான்.

ஒரு காலையில் மாடிப்படியில் பாத்திரம் உருளும் சத்தம் கேட்டு வெளியே வந்தேன். கண்டக்டர் தலையில் பாயும், கையில் கேஸ் அடுப்புமாக இறங்கிக்கொண்டிருந்தார். பின்னால் சரோஜா அக்கா ஒரு பித்தளைச் சொம்பில் பாலை ஏந்திக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார்.

“எங்கக்கா கிளம்பிட்டீங்க?”

“ரெண்டாம் நம்பருக்குக் குடிபோறமுங்க. வந்து பால் குடிச்சிட்டுப் போங்க” என்றார் அக்கா, தண்டனை வாங்கியவர் குரலில்.

கண்டக்டர்தான் விளக்கினார். “மேடம், பஸ் ஸ்டாண்டுல காலியா நிக்கிற பஸ்சுல எவனாவது ஏறுவானா? ஏற மாட்டான். அதுக்கு நாங்க என்னா பண்ணுவோம்? கிளீனரு, டீக்கடைப் பையன், பூக்காரம்மா எல்லாத்தையும் ஜன்னலோரமா ஒக்கார வெச்சிருவோம். ஜனம் பாக்கும். ஆகா, பஸ்சு நெறைஞ்சிருச்சு, இப்ப எடுத்துருவான்னு ஓடியாந்து ஏறும். ஏறுனதும் நம்மாளு ஒவ்வொருத்தனா எறங்கிக்குவான். வூடும் அப்பிடித்தானுங்க. காலி வூட்டுக்கு எவன் வருவான்?”

ஆக, கண்டக்டரும் அவர் மனைவியும்தான் இனி அந்தக் கட்டிடத்தின் பூக்காரம்மாவும் கிளீனரும்.

இப்படித்தான் ஆரம்பித்தது. இரண்டாம் எண்ணில் கொஞ்ச நாள், நான்காம் எண்ணில் கொஞ்ச நாள். ஒவ்வொரு முறையும் முறைப்படி பால் காய்ச்சினார்கள். முதலில் நாள் பார்த்துக் குடிபோனார்கள். காலண்டரில் இருக்கும் நல்ல நாளெல்லாம் தீர்ந்துபோனதும், ‘சொந்த வூட்டுக்குத்தானே போறோம், எமகண்டம் என்னா பண்ணும்?’ என்று கிளம்பினார்கள். சாலையில் அவருக்குப் ‘பால்காய்ச்சி’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அவர் பால் வாங்கும் கடைக்காரர் மட்டும்தான் அந்தச் சாலையில் வீட்டுத் தொழில் படுத்ததைப் பற்றிக் கவலைப்படாதவர்.

ஆள் குடிபோகாத வீடுகளையும் அவர் சும்மா விடவில்லை. ஒவ்வொரு வாசலிலும் பழைய செருப்புகளை ஜோடி ஜோடியாக விட்டார். கொடிகளில் சேலை, லுங்கி, குழந்தைச் சட்டை எல்லாம் காயும். துவைக்காத துணி எதற்கு வெயிலில் காய வேண்டும் என்று அந்தச் சட்டைகளுக்கே புரிந்திருக்காது. எல்லா வாசலிலும் கோலம். அதுவும் ஒரே கையால் போட்டது என்று தெரியக் கூடாதாம். ஒரு வாசலில் சரோஜா அக்கா போட வேண்டும், அடுத்த வாசலில் கண்டக்டரே போடுவார். அவர் போட்ட கோலத்தைப் பார்த்து, ‘அந்த வூட்டம்மாவுக்குக் கை நடுக்கமா?’ என்று தெருவில் வாழைப்பழம் விற்கிறவர் அனுதாபத்தோடு விசாரித்தார்.

ஒருநாள் நான்காம் எண்ணின் பின்பக்கத்திலிருந்து பெரிய சண்டை கேட்டது. ஒரு குரல் கத்துகிறது, இன்னொரு குரல் மிரட்டுகிறது. அடிதடி ஆகிவிடுமோ என்று பயந்து மாடியேறி எட்டிப் பார்த்தேன். குழாயடியில் கண்டக்டர் தனியாக நின்றுகொண்டிருந்தார்.

“ஏங்க ஓனரு, குழாய் ஒழுவுதுன்னு போன வாரமே சொன்னேன், காதுல உழுவலியா?” என்றார்.

பிறகு இரண்டடி தள்ளி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு தனக்கே பதில் சொன்னார். “பாக்கலாம் பாக்கலாம். பிளம்பரு ஊருல இல்ல.”

மறுபடி குழாயடிக்கு வந்தார். “வாடகை மட்டும் ஒண்ணாந்தேதியானா வாசல்ல வந்து நிக்கிறீங்க?”

மறுபடி இரண்டடி தள்ளிப் போனார். “இஷ்டம்னா இருய்யா. இல்லாட்டி காலி பண்ணு. ஆயிரம் பேரு க்யூவுல நிக்கிறான்.”

என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்தினார். “ரோட்டுல போறவனுக்குக் கேக்கணுமுங்க. ஆளு இருக்கிற வூடுன்னா சண்டை சத்தம் வரணும். அமைதியா இருந்தா காலின்னு கண்டுபிடிச்சிருவான்.”

அதோடு விட்டிருந்தால் சரி. பேசப் பேச அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. மரியாதை தெரியாத ஓனர் வீட்டில் இருக்க முடியாது என்று அன்று மாலையே நான்காம் எண்ணைக் காலி செய்துவிட்டு ஐந்துக்குப் போனார். சரோஜா அக்கா பால் சொம்போடு மாடி வராந்தாவைக் கடக்கும்போது என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவில் இருக்கிறது. சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை.

இந்த வேடிக்கைக்கு நடுவே மாதங்கள் போய்க்கொண்டிருந்தன. வீடு பார்க்க ஒருவரும் வரவில்லை. நான் கொடுத்த வாடகை ஒன்றுதான் வருமானம். தவணைக்கு அது எந்த மூலைக்கு?

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாலக்கோட்டிலிருந்து ஒரு குடும்பம் பைக்கில் வந்து கேட்டருகே நின்றது. புருஷன், மனைவி, நடுவில் ஒரு குழந்தை. வாசலில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்த சரோஜா அக்காவின் கை அப்படியே நின்றுவிட்டது. அந்தப் பெண் வரிசையாக எல்லா வீடுகளையும் பார்த்தாள். செருப்புகளைப் பார்த்தாள். கொடியில் ஆடிய குழந்தைச் சட்டைகளைப் பார்த்தாள்.

“எல்லா வூட்டுலயும் ஆளு இருக்குதுங்க. புள்ளகுட்டி வேற நெறைய. வாங்க, அடுத்த கட்டடத்துல கேப்போம்” என்றாள்.

‘வீடு வாடகைக்கு’ என்ற அட்டையை, அது காலி பஸ்ஸுக்குச் சமம் என்று சொல்லிக் கண்டக்டர் எப்போதோ கழற்றி வைத்திருந்தார். அக்கா சொம்பைப் போட்டுவிட்டு “ஏங்க! ஏங்க!” என்று கூவுவதற்குள் பைக் நகர்ந்துவிட்டது. ஐந்தாம் எண்ணில் முகச்சவரம் செய்துகொண்டிருந்த கண்டக்டர் பாதி முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்து, பழைய பழக்கத்தில் இடுப்பிலிருந்த விசிலை எடுத்து ஓங்கி ஊதினார். பைக்காரர் ஹெல்மெட் போடாதவர். விசில் சத்தம் கேட்டதும் போலீஸ் என்று நினைத்தாரோ என்னவோ, பைக் பறந்தது. கண்டக்டர் ஊத ஊத அது இன்னும் வேகமெடுத்துச் சர்வீஸ் ரோட்டில் ஏறி மறைந்தது.

அன்றைக்குத்தான் சரோஜா அக்கா முதன்முறையாகச் சத்தம் போட்டார். நான் வீட்டுக்குள் இருந்தேன். எல்லாம் கேட்டது.

“எதுத்த கட்டடத்துல வாடகையக் கொறைச்சான். நெறைஞ்சிருச்சு. பக்கத்துலயும் கொறைச்சான். நாம மட்டும் ஏன் புடிச்சிக்கிட்டுத் தொங்குறோம்? கொறைங்க.”

“அவன் வூடு டவுன் பஸ்சு. நம்முது எக்ஸ்பிரஸ்.”

“எக்ஸ்பிரஸ்சுல ஓட்டுறவரும் நீங்க, ஏறுறவரும் நீங்க. வெக்கமா இல்ல?”

“இந்தா பாரு சரோஜா. இத்தன வருசம் டிக்கெட்டு கிழிச்சிருக்கேன். ஆளு கம்மியா இருக்குதுன்னு ஒரு நாள் ஒருத்தனுக்கு ரேட்டக் கொறைச்சுக் குடுத்ததில்ல. முன்னால ஏறுனவன்கிட்ட ஒரு ரேட்டு, பின்னால ஏறுனவன்கிட்ட ஒரு ரேட்டுன்னு வாங்கறவன் கண்டக்டரே இல்ல. அந்த மேடம் முழு வாடகை குடுத்துக்கிட்டு இருக்காங்க. அவங்க மூஞ்சிய நான் எப்பிடிப் பாக்குறது?”

எனக்காகத்தான் அவர் வாடகையைக் குறைக்காமல் இருக்கிறார் என்று தெரிந்தபோது எனக்கு ஒன்றும் ஓடவில்லை. எனக்கும் சேர்த்துக் குறைத்தால் நான் வேண்டாம் என்றா சொல்லப் போகிறேன்? மறுநாள் அதை அவரிடமே சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையில், பாதி வழியில் டிக்கெட் காசைத் திருப்பிக் கேட்ட பயணி ஆகிவிட்டேன் நான்.

கடிதம் அதற்குப் பிறகுதான் வந்தது. வங்கிக் கடிதம், ஆங்கிலத்தில். சரோஜா அக்கா அதைக் கணவரிடம் காட்டாமல் நேராக என்னிடம் எடுத்து வந்தார். நான் ஒரு தரம் படித்தேன். சரியாகத்தான் படித்தேனா என்று மறுபடியும் படித்தேன். தவணைகள் நிற்கின்றன. அதிகாரி நேரில் வந்து கட்டிடத்தைப் பார்வையிடுவார். வீடுகளில் ஆள் இருந்து வாடகை வருமென்று தெரிந்தால் தவணையை மாற்றியமைக்கலாம். இல்லையென்றால் அடமானச் சொத்தைக் கைப்பற்றி ஏலம் விடுவார்கள்.

“நேராச் சொல்லுங்க. தோட்டம் போயிருமா?”

“வீடு காலின்னு எழுதிட்டுப் போனா, போயிடும்க்கா.”

அக்கா கடிதத்தை வாங்கி மடித்தார். “எங்கப்பா அண்ணனுங்களுக்கு வயக்காட்டக் குடுத்தாரு. எனக்குத் தோட்டத்த எழுதுனாரு. பொட்டப்புள்ளைக்கு எதுக்கு நெலமுன்னு ஊரே கேட்டுச்சு. அண்ணனுங்க ரெண்டு வருசம் எங்கிட்டப் பேசல. அப்பிடி வந்த நெலமுங்க அது. அத அடமானம் வெக்கையில, தோட்டம் கைவிட்டுப் போவாதுன்னு இந்த மனுசன் எங்கிட்டச் சத்தியம் பண்ணாரு.” கடிதத்தை முந்தானையில் முடிந்துகொண்டு எழுந்து போனார். நான் கொடுத்த காப்பி ஆறிப்போய் அப்படியே இருந்தது.

கண்டக்டருக்குச் செய்தி தெரிந்ததும் அவர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் பொங்கல் கூட்டத்தை ஏற்றிய களை இருந்தது.

“மேடம், அந்த ஆபீசரு வர்ற அன்னிக்கு எல்லா சீட்டும் ஃபுல்லு. நம்ம பழைய டிரைவரு ரெண்டாம் நம்பருல. செக்கரு மூணுல. டைம்கீப்பரு சம்சாரத்தோட நாலுல. பஸ் ஸ்டாண்டுல கூவிக் கூவி ஆள் ஏத்துறவன் அஞ்சுல. நாங்க பழையபடி ஆறுல. எல்லாரும் வருசக்கணக்கா இங்கதான் குடியிருக்காங்க. நீங்களும் ஒரு வார்த்த அதையே சொல்லிருங்க.”

“என் வீட்டைப் பத்தி என்ன கேட்டாலும் சொல்றேங்க. மத்த வீட்டைப் பத்திக் கேட்டா இல்லாததைச் சொல்ல மாட்டேன்.”

“ஒரு வார்த்ததானுங்களே.”

“அந்த ஒரு வார்த்தைதான் என்னால முடியாது.”

அவருக்கு வருத்தம். எனக்கு அதைவிட வருத்தம். நான் உண்மையைச் சொன்னால் அக்காவின் தோட்டம் போகும். சொல்லாவிட்டால் நான் நானாக இருக்க முடியாது. அதிகாரி என் வீட்டுப் பக்கமே வராமல் போய்விட வேண்டும் என்று தெரிந்த சாமிகளையெல்லாம் வேண்டிக்கொண்டேன்.

அந்த நாள் வந்தது. காலையிலேயே பஸ்காரர்கள் வந்து வீடுகளில் ஏறி அமர்ந்துகொண்டார்கள். கண்டக்டர் மேலும் கீழும் ஓடினார். “டேய், லுங்கி கட்டுடா. குடியிருக்கிறவன் எவனாவது யூனிபார்முல இருப்பானா? செக்கரு, நீ கதவுகிட்ட நிக்காத. பாக்கிறதுக்கே பயமா இருக்குது.” சரோஜா அக்கா மட்டும் மாடிப்படியின் அடியில் உட்கார்ந்திருந்தார்.

அதிகாரி ஸ்கூட்டரில் வந்தார். ஒல்லியான மனிதர், நடுவயது. அதிகம் பேசாதவர். பேசாத அதிகாரியைவிடப் பயங்கரமான பிராணி உலகத்தில் கிடையாது. கையில் அட்டையில் செருகிய தாள், பேனா. நேராக இரண்டாம் எண்ணுக்குப் போனார். நான் என் ஜன்னலில் நின்றேன். எல்லாம் தெளிவாகக் கேட்டது.

“எவ்வளவு நாளா இருக்கீங்க?”

“காலையிலதான் ஏறுனேங்க” என்றார் டிரைவர். அடுத்த கணம் கண்டக்டர் இருமிய இருமலில் ரோட்டோர மரத்துக் காக்கைகள் கலைந்தன. “ரெண்டு வருசமா, ரெண்டு வருசமா” என்று டிரைவர் திருத்தினார்.

அதிகாரி எழுதிக்கொண்டார்.

மூன்றாம் எண்ணில் செக்கர். “வாடகை எவ்வளவு தர்றீங்க?” என்று கேட்டார் அதிகாரி. செக்கர் எத்தனையோ வருஷம் அடுத்தவரைக் கேள்வி கேட்டே பழகியவர். “அது இருக்கட்டும், நீங்க எங்கிருந்து வர்றீங்க?” என்று திருப்பிக் கேட்டார். அதிகாரி அதையும் எழுதிக்கொண்டார். ஐந்தாம் எண்ணில் இருந்தவர் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, “வாங்க சார், வாங்க, உக்காந்து போலாம்” என்று ரோட்டுக்குக் கேட்கக் கூப்பிட்டார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. மாடிப்படியடியில் அக்கா கண்ணை மூடிக்கொண்டார்.

நான்காம் எண்ணில் டைம்கீப்பரும் அவர் மனைவியும். அங்கே நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதிகாரி கொஞ்ச நேரம் இருந்தார். அடுப்பைப் பார்த்தார். அடுப்பில் ஒன்றும் இல்லை. டைம்கீப்பரின் மனைவி மட்டும் ஒவ்வொரு அறையாகத் திறந்து தாமே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அதிகாரி இறங்கி வந்து, நேராக என் வாசலில் நின்றார்.

“நீங்க எந்த ஆபீஸ்?” என்று என் கழுத்திலிருந்த அடையாள அட்டையைப் பார்த்துக் கேட்டார்.

சொன்னேன்.

“அப்ப உங்ககிட்ட ஒண்ணு கேக்கலாம். இவங்க எல்லாரும் இங்க குடியிருக்கறவங்கதானா?”

எனக்குப் பின்னால் என் கணவர் மூச்சு விடுவது கேட்டது. கேட்டருகே கண்டக்டர் நின்றார். எவ்வளவு கூட்டமான பஸ்ஸிலும் கம்பியைப் பிடிக்காமல் நின்றவர், இப்போது கேட்டை இறுகப் பிடித்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

“அவங்கள ஏனுங்க கேக்குறீங்க?” சரோஜா அக்கா எழுந்து வந்தார். “தோட்டம் என்னுது. என்னைக் கேளுங்க. இவங்க யாரும் இங்க குடியில்ல. பூராப் பேரும் எங்க வூட்டுக்காரரோட பஸ்சுல வேல செஞ்சவங்க. நாலு வூடு காலியாக் கெடக்குது. வூட்டுக்கு வூடு பால் காய்ச்சிக் காய்ச்சி என் கையி காய்ச்சுப் போச்சு. எழுதிக்கங்க.”

கண்டக்டர் தரையைப் பார்த்தார்.

அதிகாரி பேனாவை எடுத்தார். ஆனால் எழுதவில்லை. “அம்மா, ரெண்டாம் நம்பர் பாத்ததுமே எனக்குத் தெரியும். இப்ப நான் காலின்னு எழுதித்தான் ஆகணும். வேற வழி இல்ல. இன்னிக்கு ஒரு வாடகை ஒப்பந்தமாவது நிஜமா இருந்தா, அதைக் காட்டி நான் மேல பேசிப் பார்க்கலாம். இருக்கா?”

எங்கே இருக்கிறது? அப்போது மாடியிலிருந்து டைம்கீப்பரின் மனைவி கைப்பிடிச் சுவரில் சாய்ந்துகொண்டு கேட்டார்.

“ஏங்கண்ணா, இந்த வூடு வாடகை எவ்வளவுங்க? காத்து நல்லா வருது. நாங்க பஸ் ஸ்டாண்டு பின்னால பொந்து மாதிரி ஒரு வூட்டுல கெடக்குறோம்.”

கண்டக்டர் நிமிர்ந்தார். வாடகையைச் சொன்னார், ஒரு ரூபாய் குறையாமல், கட்டிடம் திறந்த அன்று வைத்த அதே வாடகையை.

மாடியில் அந்த அம்மாவின் முகம் விழுந்தது. “அம்மாடி! அது நமக்கு ஆவாதுங்கண்ணா” என்று உள்ளே திரும்பினார்.

அதிகாரியின் பேனா தாளின் மேல் இறங்கியது. சரோஜா அக்கா கணவரைப் பார்த்தார். திட்டவில்லை, கெஞ்சவும் இல்லை, பார்த்துக்கொண்டே நின்றார். கண்டக்டரின் கை தோளில் இல்லாத பணப்பையைத் தேடியது. இத்தனை வருஷம் ரேட்டைக் குறைக்காதவர் இனி எப்படிக் குறைப்பார்? தோட்டம் போயிற்று என்றே நான் நினைத்தேன்.

“இரும்மா!” என்று கண்டக்டர் கத்தினார். அதிகாரியே திடுக்கிட்டார். “அது பப்ளிக் ரேட்டு. நீ ஸ்டாஃபு இல்ல?”

“என்னாங்கண்ணா?”

“டைம்கீப்பரு சம்சாரம் ஸ்டாஃபு இல்லாம வேற யாரு? எந்த பஸ்சுல எந்தக் கண்டக்டரு ஸ்டாஃபுக்கு முழு டிக்கெட்டு போட்டிருக்கான்? போட்டா அவன் மனுசனா? உனக்குப் பாதி. ஏய் டிரைவரு, நீயும் ஸ்டாஃபுதான். உனக்கும் பாதி. ரூட்டு முடிச்சு பஸ்சுலயே படுத்துத் தூங்குறானுங்களே நைட் ஆல்ட்டு பசங்க, அவனுங்க நாலு பேரு சேந்து மூணாம் நம்பர எடுத்துக்கட்டும்.” பிறகு என் பக்கம் திரும்பினார். ரொம்பக் கடமையாகச் சொன்னார்: “மேடம், தப்பா நெனைக்காதீங்க. நீங்க பப்ளிக்கு.”

நான் சந்தோஷமாகப் பப்ளிக்காகவே இருந்துகொள்கிறேன் என்று சொன்னேன். அதற்குள் சரோஜா அக்கா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று கிட்டே போய்ப் பார்த்த பிறகும் எனக்குத் தெரியவில்லை.

அதிகாரி ஸ்கூட்டரைக் கிளப்பாமல் மதியம்வரை காத்திருந்தார். டைம்கீப்பரும் டிரைவரும் முத்திரைத்தாள் வாங்கி வந்து ஒப்பந்தம் எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நானும் சாட்சிக் கையெழுத்துப் போட்டேன். அதிகாரி படித்துப் பார்த்துவிட்டு, “மேல பேசுறேன். உறுதி சொல்ல முடியாது” என்று கிளம்பினார். அடுத்த கடிதம் வரும்வரை அந்த வீட்டில் ஒருவரும் நிம்மதியாகச் சாப்பிடவில்லை. தபால்காரரின் மணி கேட்டால் சரோஜா அக்கா உள்ளே போய்விடுவார். கண்டக்டர் வெளியே வருவார். வந்தது நல்ல செய்திதான். தவணையை நீட்டித்திருந்தார்கள். வட்டி கூடத்தான். ஆனால் தோட்டத்துக்கு ஆபத்து இல்லை.

அதன் பிறகு வீடு கேட்டு வந்தவர்கள் எல்லோருமே எப்படியோ ஸ்டாஃப் ஆகிவிட்டார்கள். ஐந்தாம் எண்ணுக்கு வந்த தையல்காரர், டிரைவர்களுக்கு யூனிபார்ம் தைத்தவர் என்ற வகையில் ஸ்டாஃப். அவருக்கு முன்னால் கேட்டுவிட்டுப் போன நர்ஸ்கூட, டைம்கீப்பருக்கு ஊசி போட்டவர் என்பதால் ஸ்டாஃப்தான். வாடகையை மட்டும் கண்டக்டர் இன்றுவரை குறைக்கவே இல்லை. யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து அப்படித்தான் சொல்கிறார்.

மாம்பழக் காலத்தில் எங்களையும் மொரப்பூருக்கு அழைத்துப் போனார்கள். கிளை தாழ்ந்து தொங்கும் தோட்டம். அக்கா வேலிப்படலைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டார். கண்டக்டர் வெளியே நின்றார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஊரையே அதட்டி ஏற்றிய மனிதர், “சரோஜா, வரட்டுமா?” என்று கேட்டார். அக்கா திரும்பிப் பார்க்காமல் “ம்” என்றார். அதன் பிறகுதான் உள்ளே வந்தார். மரம் மரமாக அக்காவின் பின்னால் கூடையைச் சுமந்துகொண்டு நடந்தார். ஒரு காயைத் தொட்டு, “இதப் பறிக்கலாமா?” என்று கேட்டுத் திட்டு வாங்கினார். திட்டு வாங்கும்போது அவர் முகத்தில் இருந்த நிம்மதியை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“இந்த ஆளுகூடக் குடித்தனம் பண்றது எம்மாஞ் செரமம் பாருங்க” என்றார் அக்கா என்னிடம், பழுத்ததாகப் பார்த்து ஒன்றைக் கணவரின் கையில் வைத்துக்கொண்டே.

போன வருஷம் எனக்குக் கிருஷ்ணகிரிக்கு மாற்றல் வந்தது. அலுவலகத்துக்கு எதிரிலேயே நல்ல வீடு இருக்கிறது. வாடகையும் இங்கே நான் கொடுப்பதைவிடக் குறைவு. நான் தினமும் அதியமான்கோட்டையிலிருந்து பஸ்ஸில் போய்வருகிறேன். ஏன் என்று கேட்கிறவர்களிடம், பஸ் வசதி நன்றாக இருக்கிறது என்று சொல்லி வைத்திருக்கிறேன்.